அறுபத்தாறிலிருந்து இருபது வரை: வீட்டுப் பீரின் வெப்பக் கணக்கு

தமிழில் சாராயம் காய்ச்சப்படுகிறது, கள் இறக்கப்படுகிறது. பீருக்கு மட்டும் சொந்தமான வினைச்சொல் இன்னும் அமையவில்லை. அது சாராயத்தைப் போல ஆவியாக்கி வடிக்கப்படுவதும் இல்லை, கள்ளைப் போல மரத்திலிருந்து இனிப்பாகவே சுரந்து வருவதும் இல்லை. முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, அதன் சாற்றைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, புளிக்கவிட்டு எடுப்பதே பீர் என்பதால், சோறாக்குதல், கூழாக்குதல் என்ற வரிசையில் 'பீர் ஆக்குதல்' என்று சொல்வதுதான் பொருத்தமாக இருக்கும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இலட்சக்கணக்கானோர் இதை வார இறுதிப் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். அவர்களுடைய அடுப்படிக் கருவிகளில் பெரும்பாலானவை எந்த வீட்டிலும் இருப்பவைதாம். புதிதாகத் தொடங்குபவர் மால்ட்டின் வகையையும் கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸின் பெயரையும் தேடித் திரிவதே வழக்கம் என்றாலும், ஆக்கிய பீர் தேறுமா என்பதைத் தீர்மானிப்பதில் அவற்றைவிடப் பெரும்பங்கு வகிப்பது சில நூறு ரூபாய் பெறும் ஒரு வெப்பமானியே ஆகும்.

இந்தப் பொழுதுபோக்கு சட்டத்தின் தயவில் வளர்ந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பிரிட்டனில் 1880ஆம் ஆண்டில் கிளாட்ஸ்டன் அரசு மால்ட் மீதிருந்த வரியைப் பீரின் மீது மாற்றியபோது, வீட்டில் ஆக்குபவரும் உரிமம் பெற வேண்டியதாயிற்று. அந்த உரிமத்தை 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் தமது வரவுசெலவுத் திட்டத்தின் வழியே நீக்கினார். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடப்பில் இருந்தபோது, பீர் ஆலைகளே மால்ட் பாகை டப்பாக்களில் அடைத்து ரொட்டி சுடுவதற்கு என்று சொல்லி விற்றன. வாங்கியவர்களில் எத்தனை பேர் ரொட்டி சுட்டார்கள் என்பது விற்றவர்களுக்கும் தெரியாததன்று. மதுவிலக்கு நீங்கிய பின் வீட்டில் திராட்சை ரசம் தயாரிக்க அனுமதி கிடைத்தபோதும் பீருக்கு அது கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வயதுவந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன், அதாவது ஏறத்தாழ 378 லிட்டர் பீரை, விற்பனைக்கல்லாமல் தம் சொந்தப் பயனுக்கு வரியின்றி ஆக்கிக்கொள்ள வழிசெய்தது. அணுப் பொறியியல் படித்த சார்லி பப்பாஜியன் கொலராடோவின் போல்டர் நகரில் வீட்டு பீர் ஆக்குவோருக்கான அமெரிக்கச் சங்கத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பது குற்றமாகும். ஆகவே இங்குள்ள வாசகருக்கு இது அறிவியலாக மட்டுமே பயன்படும்.

பீரின் இனிப்பு தானியத்திலிருந்து வருகிறது, ஆனால் தானியம் இனிப்பதில்லை. வாற்கோதுமை எனப்படும் பார்லியின் உள்ளே இருப்பது மாவுச்சத்து. அது ஆயிரக்கணக்கான குளுகோஸ் கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. சாற்றைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டால் அந்தச் சங்கிலியை உண்ண இயலாது. விதை முளைக்கும்போது இளங்குருத்துக்கு உணவு வேண்டுமென்பதால், சங்கிலியை வெட்டிச் சர்க்கரையாக்கும் நொதிகளை அது தானே ஆயத்தம் செய்துகொள்கிறது. இந்த வேளை பார்த்து முளையை நிறுத்துவதே மால்ட் செய்யும் கலை. தானியத்தை இரண்டு நாள் நீரில் ஊறவைத்து, நான்கைந்து நாள் முளைக்கவிட்டு, குருத்து தன் சேமிப்பைத் தின்று தீர்ப்பதற்கு முன் வெப்பக்காற்றில் உலர்த்திவிடுகிறார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு: ஈரத்தில் 70 டிகிரி செல்சியஸிலேயே அழியத் தொடங்கும் நொதி, ஈரம் வற்றிய தானியத்துக்குள் 80 டிகிரியையும் தாங்கிப் பிழைத்துக்கொள்கிறது. ஆகவே முதலில் இளஞ்சூட்டில் ஈரத்தைப் போக்கிய பிறகே சூட்டைக் கூட்டுவார்கள். கறுப்பு நிறப் பீர்களுக்காக 200 டிகிரிக்கும் மேல் வறுக்கப்படும் மால்ட்டில் காபியின் மணம் இருக்கும். நொதி ஒன்றும் மிஞ்சியிருக்காது. எனவே அதை நிறத்துக்கும் சுவைக்கும் சிறிதளவு சேர்ப்பதோடு சரி.

வீட்டில் தொடங்கும் முதல் வேலை, இவ்வாறு உறங்கும் நொதியை எழுப்புவது. இருபது லிட்டர் பீருக்கு நான்கு முதல் ஐந்து கிலோ மால்ட்டைக் குருணையாக உடைத்து வெந்நீரில் கொட்டிக் கிளறினால், கஞ்சியைப் போன்ற ஒரு கலவை கிடைக்கும். அதை 66 டிகிரியில் ஒரு மணி நேரம் மூடிவைக்க வேண்டும். ஏன் 66 என்பதை விளக்கினால் பீரின் பாதி அறிவியல் விளங்கிவிடும். பார்லியின் மாவுச்சத்து ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல்தான் நீரை உறிஞ்சிக் குழைகிறது. குழையாத மாவில் நொதிக்குப் பிடி கிடைக்காது. குழைந்த மாவின் மீது இரண்டு நொதிகள் இயங்குகின்றன. பீட்டா அமைலேஸ் என்பது சங்கிலியின் முனையிலிருந்து இரண்டிரண்டு கூறுகளாக நறுக்கி மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையைத் தருகிறது. அதற்கு உகந்த வெப்பம் 60 முதல் 65 டிகிரி. 70ஐ எட்டினால் விரைவில் செயலிழந்துவிடும். ஆல்ஃபா அமைலேஸ் என்பது சங்கிலியை நடுவிலும் ஓரத்திலும் கண்டபடி வெட்டுகிறது. அது 70 டிகிரிச் சூட்டிலும் சளைக்காமல் உழைக்கும். 66 என்பது இருவரையும் ஒரே கூரையின்கீழ் வேலை வாங்கும் சமரசம். 63இல் வைத்தால் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிட, பீர் நீர்த்து வறண்டிருக்கும். 69இல் வைத்தால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் துண்டுகள் மிகுந்து, பீர் வாயில் கனமாக நிற்கும். ஒரே மால்ட்டும் ஒரே நீரும் ஆறு டிகிரி வேறுபாட்டில் இருவேறு பானங்களாகின்றன. மனிதர் பிரித்தெடுத்துப் பெயரிட்ட முதல் நொதியும் மால்ட்டிலிருந்து வந்ததுதான்: 1833இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பேயனும் பெர்சோவும் அதற்கு டயாஸ்டேஸ் என்று பெயர் வைத்தனர்.

மாவு முழுவதும் வெட்டுப்பட்டதா என்பதை அயோடின் சொல்லிவிடும். கலவையின் தெளிவில் ஒரு துளியை வெள்ளைத் தட்டில் இட்டு, அதன்மேல் ஒரு சொட்டு அயோடினை விட்டால், மாவுச்சத்து மிஞ்சியிருக்கும்வரை கருநீலம் படரும்; தீர்ந்துவிட்டால் அயோடின் தன் பழுப்பு நிறத்திலேயே கிடக்கும். பள்ளி ஆய்வகத்தில் உருளைக்கிழங்கின் மீது செய்துபார்த்த அதே சோதனைதான் இது.

முளையைக் கொண்டு மாவுச்சத்தை இனிப்பாக்கும் இந்த அறிவு தமிழுக்குப் புதிதன்று என்று காட்ட ஒரு சான்று உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அரிசியிலிருந்து மது ஆக்கும் முறை படிப்படியாகச் சொல்லப்படுகிறது: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுவதும், அதைப் பிழா என்னும் அகன்ற வாயுள்ள கலத்தில் கொட்டி ஆற்றுவதும், ஆறிய பின் முளையை இடித்துச் சேர்ப்பதும், இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்துச் சாடியில் முதிரவைப்பதும் அங்கே வரிசை மாறாமல் உள்ளன. அரிசியின் மாவுச்சத்து பார்லியினதைவிடக் கூடுதலான வெப்பத்தில் குழைவது; ஆகவே அதைத் தனியே வேகவைத்தாக வேண்டும். வெந்த களி கொதிக்கும்போதே முளையைச் சேர்த்தால் நொதி வெந்து மடியும். ஆகவே முதலில் ஆற்றியாக வேண்டும். இன்று அரிசி சேர்த்துப் பீர் செய்யும் ஆலைகள் அரிசியைத் தனிக்கொப்பரையில் வேகவைத்துப் பின்னர் மால்ட்டோடு கலப்பது இதே காரணத்தால்தான். வெப்பமானி இல்லாத காலத்தில் அந்தப் பிழாவின் அகன்ற வாயே அளவுகோலாக இருந்திருக்கிறது.

ஐரோப்பியரும் நெடுங்காலம் கையை நனைத்துப் பார்த்தே சூட்டை அறிந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் பீர் ஆலைக்காரர் மைக்கேல் காம்ப்ரூன் வெப்பமானியைக் கொண்டு வேலைசெய்வதைப் பற்றி நூல் எழுதியபின்னும் அந்தக் கருவி மெதுவாகத்தான் பரவியது. பின்னாளில் வெப்பமும் வேலையும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்று அளந்து காட்டிய ஜேம்ஸ் ஜூல், மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பீர் ஆலை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். ஒரு டிகிரியின் மிகச்சிறிய பங்கையும் அளந்துவிட்டதாக அவர் சொன்னதை அக்கால இயற்பியலாளர் பலர் நம்பத் தயங்கினர்.

ஒரு மணி நேரம் கழித்துச் சக்கையை வடிகட்டி, எஞ்சிய இனிப்பை வெந்நீரால் அலசி எடுத்தால், தேன் நிறச் சாறு கிடைக்கும். அதை அறுபது நிமிடம் தளதளவென்று கொதிக்கவைப்பது அடுத்த படி. கொதியில் கிருமிகள் மடிகின்றன, நொதிகளின் வேலை முடிகிறது, புரதங்கள் முட்டைவெள்ளையைப் போலத் திரிந்து அடியில் தங்குகின்றன. வேகவைத்த சோளத்தின் வாடையைத் தரும் டைமெத்தில் சல்ஃபைடு என்னும் கந்தகச் சேர்மமும் ஆவியோடு வெளியேறுவதால், பானையை மூடாமலே கொதிக்கவைக்க வேண்டும். எரிவாயுவைச் சிக்கனப்படுத்த மூடி போட்டவர்களின் பீரில் சோள வாடை அடிப்பது இதனால்தான்.

ஹாப்ஸ் சேர்வதும் இந்தக் கொதியில்தான். கொடியில் காய்க்கும் பச்சைக் கூம்பு போன்ற பெண்பூவே ஹாப்ஸ். அதை நடுவே பிளந்து பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் தூளாக லூபுலின் தெரியும். தேய்த்தால் விரலில் பிசினாக ஒட்டும். அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் நீரில் அவ்வளவாகக் கரைவதில்லை, கசப்பும் குறைவு; நெடுநேரம் கொதிக்கும்போது அவற்றின் மூலக்கூறு அமைப்பு மாறி, கரையக்கூடிய கசப்பான ஐசோ ஆல்ஃபா அமிலங்களாகின்றன. மணம் தரும் எண்ணெய்களோ கொதியில் நில்லாமல் ஆவியாகிவிடும். எனவே கசப்புக்கான ஹாப்ஸ் தொடக்கத்திலும் மணத்துக்கானது அடுப்பை அணைக்கும் தறுவாயிலும் போடப்படுகிறது. தாளிப்புக்கு உரியதை முதலிலும் கொத்தமல்லித் தழையைக் கடைசியிலும் போடுகிற சமையற்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹாப்ஸின் கசப்பு இனிப்பைச் சமன்செய்வதோடு, புளிப்பேற்றும் பாக்டீரியாக்கள் பலவற்றையும் தடுக்கிறது. ஒளி பட்டால் அதே சேர்மங்கள் சிதைந்து துர்நாற்றமுள்ள ஒரு கந்தகச் சேர்மத்தைப் பிறப்பிக்கும் என்பதால்தான் பீர்ப் புட்டிகள் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் இருக்கின்றன.

கொதி முடிந்ததும் அவசரம் தொடங்குகிறது. நூறு டிகிரியில் கிருமியற்றிருந்த சாறு, சர்க்கரையும் புரதமும் நிறைந்த அருமையான வளர்ப்பு ஊடகம். அறுபதுக்குக் கீழே இறங்கிவிட்டால் காற்றில் மிதந்துவரும் எந்த நுண்ணுயிரும் அதில் குடியேறலாம். இருபது லிட்டரை அப்படியே விட்டால் ஆற ஓரிரவு பிடிக்கும். அதனால் செம்புக் குழாய்ச் சுருளைச் சாற்றுக்குள் இறக்கி, குழாய்க்குள் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, அரைமணி நேரத்துக்குள் 20 டிகிரிக்குக் கொண்டுவருகிறார்கள். இந்தக் கணத்திலிருந்து சாற்றைத் தொடும் கரண்டி, குழாய், கலம், வெப்பமானி எல்லாம் கழுவப்பட்டால் மட்டும் போதாது, கிருமிநீக்கமும் செய்யப்பட வேண்டும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதும் கிருமியற்றிருப்பதும் ஒன்றல்ல என்பதைப் புதியவர்கள் பெரும்பாலும் ஒரு கலம் புளித்த பிறகே ஒப்புக்கொள்கிறார்கள்.

இப்போது ஈஸ்ட்டின் முறை. பவேரியாவில் 1516இல் பிறப்பித்த புகழ்பெற்ற தூய்மை ஆணை பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றை மட்டுமே குறிப்பிட்டது. ஈஸ்ட் அதில் இல்லை. புளிக்கவைப்பது ஓர் உயிர் என்று அன்று எவருக்கும் தெரியாது. அதை நுண்ணோக்கியில் கண்டு உயிர் என்று வாதாடியவர்கள் 1830களில் வந்தனர். லூயி பாஸ்டர் அதை ஐயமற நிறுவியதோடு 1876இல் பீரைப் பற்றித் தனிநூலே எழுதினார். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். வீட்டில் பீர் ஆக்குபவர் இன்று பத்து கிராம் சொச்சம் எடையுள்ள உலர் ஈஸ்ட் பொட்டலத்தைக் கத்தரித்துத் தூவுவது அந்த வேலையின் தொடர்ச்சி.

தூவிய சில மணி நேரம் எதுவும் நடப்பதாகத் தெரியாது. செல்கள் நீரை உறிஞ்சி, சாற்றில் கரைந்த ஆக்சிஜனைக் கொண்டு தங்கள் சவ்வுகளைக் கட்டிப் பெருகிக்கொண்டிருக்கும். மறுநாள் கலத்தின் மேல் பழுப்பு நுரை ஏறி, மூடியிலுள்ள நீரடைப்புக் குமிழியின் வழியே வாயு வெளியேறத் தொடங்கும். நீரடைப்பு என்பது வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத, சிறிது நீர் நிரப்பிய வளைகுழாய். அதன் தேவையை ஒரு கணக்கு உணர்த்தும்: ஐந்து விழுக்காடு ஆல்கஹால் உள்ள இருபது லிட்டர் பீர் உருவாகும்போது வெளிப்படும் கார்பன் டை ஆக்சைடின் கனஅளவு ஏறத்தாழ 400 லிட்டர், அதாவது பீரைப்போல் இருபது மடங்கு. இறுக மூடிய கலம் இதைத் தாங்காது.

புளிக்கும் சாறு வெப்பத்தையும் வெளியிடுகிறது. அறை 20 டிகிரியில் இருக்க, கலத்தின் உள்ளே 24 இருப்பது இயல்பு. ஏல் எனப்படும் பீர் வகைக்கான ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரி வரை நன்கு இயங்கும். அதற்கு மேலே போனால் அது வேகமாக வேலை செய்யும், ஆனால் எத்தனாலோடு ஃபியூசல் எனப்படும் கனமான ஆல்கஹால்களையும், பழவாடை தரும் எஸ்டர்களையும் அளவுக்கு மீறி உண்டாக்கும். குடித்தால் தொண்டை எரியும். எஸ்டர் எப்போதும் குற்றமென்று சொல்வதற்கில்லை. ஜெர்மனியின் கோதுமைப் பீரில் வாழைப்பழ வாசனை வீசுவதற்குக் காரணமான ஐசோ அமைல் அசிடேட் ஓர் எஸ்டர்தான். அங்கே அது விரும்பி வரவழைக்கப்படுகிறது. லாகர் வகையை ஆக்கும் ஈஸ்ட்டோ 8 முதல் 13 டிகிரி குளிரில் வேலை செய்வது; அது ஏல் ஈஸ்ட்டும் குளிர்தாங்கும் ஒரு காட்டு ஈஸ்ட்டும் கலந்த கலப்பினம். அந்தக் காட்டுப் பெற்றோர் தென் அமெரிக்காவின் பட்டகோனியாக் காடுகளில் இனங்காணப்பட்டது 2011இல்தான்.

எப்போது முடிந்தது என்பதைக் குமிழியைப் பார்த்துச் சொல்லக் கூடாது. ஹைட்ரோமீட்டர்தான் சொல்ல வேண்டும். நீரைவிடச் சாறு எத்தனை மடங்கு அடர்ந்தது என்பதை, அதில் மிதக்கும் கண்ணாடித் தண்டு எந்தக் கோடுவரை அமிழ்கிறது என்பதைக் கொண்டு காட்டும் கருவி அது. தொடக்கத்தில் 1.048 என்றும் இறுதியில் 1.010 என்றும் காட்டினால், இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை 131ஆல் பெருக்க, ஆல்கஹால் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு என்று கிடைக்கும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண் வந்தால்தான் ஈஸ்ட் ஓய்ந்தது என்று பொருள். அதற்குப் பிறகும் சில நாள் விட்டுவைப்பது நல்லது. வெண்ணெய் வாடை தரும் டயாசிடில் என்னும் துணைப்பொருளை ஈஸ்ட் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும்.

தமிழ் வாசகரின் மனத்தில் இந்த இடத்தில் கள்ளச்சாராயச் சாவுகள் நிழலாடுவது இயல்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். புளித்தலின்போது மெத்தனால் பெரும்பாலும் பழங்களின் பெக்டினிலிருந்து பிறப்பது. பார்லிச் சாற்றில் பெக்டின் அற்பம், பீரில் எதுவும் வடித்துச் செறிவாக்கப்படுவதும் இல்லை என்பதால், புளித்த பீரில் அந்த அபாயம் எழுவதில்லை. கெட்டுப்போன பீர் புளிக்கும், நாறும், குமட்டும், கண்ணைப் பறிக்காது. வீட்டு பீரை அனுமதிக்கும் நாடுகளிலும் வடித்தலுக்குப் பெரும்பாலும் தடை இருப்பதற்கு வரி ஒரு காரணம், நச்சும் தீயும் மற்றொரு காரணம்.

வீட்டு பீரில் உண்மையான ஆபத்து புட்டியில் இருக்கிறது. நுரை வருவதற்காக, அடைக்கும் வேளையில் லிட்டருக்கு ஆறு கிராம் அளவு சர்க்கரை சேர்க்கிறார்கள். மிதந்துகொண்டிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வெளிவிடும் வாயு, தப்ப வழியின்றிப் பீரிலேயே கரைகிறது. அறை வெப்பத்தில் அப்போது புட்டிக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரின் அழுத்தத்துக்கு நிகர். 1.010இல் ஓய வேண்டிய பீரை அவசரப்பட்டு 1.014இலேயே அடைத்துவிட்டால், மிச்சமிருந்த சர்க்கரையும் புட்டிக்குள் புளித்து, கரைந்த வாயுவைக் கிட்டத்தட்ட இருமடங்காக்கிவிடும். அலமாரியில் ஒரு புட்டி வெடித்தால் அதன் கண்ணாடிச் சிதறல் பக்கத்துப் புட்டிகளையும் உடைப்பதுண்டு. ஹைட்ரோமீட்டரை வாங்கத் தயங்குபவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

வெப்பநாடுகளில் இந்த வெப்பக் கணக்கின் கடைசிப் படியான 20 டிகிரிப் புளிப்பு இடறுகிறது. வீட்டில் மாதத்துக்கு 30 லிட்டர் வரை ஆக்க அனுமதிக்கும் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே இருப்பதால், அடுக்குமாடி வீட்டின் மூலையில் வைத்த கலம் 18 டிகிரியைக் கனவிலும் காணாது. வெப்பக் கட்டுப்படுத்தி பொருத்திய பழைய குளிர்சாதனப் பெட்டி ஒரு வழி. மற்றொரு வழி, குளிர்நாடான நார்வேயிலிருந்து வந்திருக்கிறது. அந்நாட்டின் மேற்குப் பகுதிப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட க்வைக் என்னும் ஈஸ்ட், 30 முதல் 40 டிகிரி வரையிலான சூட்டில் புளித்தும் எரிச்சல் தரும் ஆல்கஹால்களை மிகுதியாக உண்டாக்குவதில்லை. ஒரு வாரத்து வேலையை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடவும் செய்கிறது. பண்ணைக்காரர்கள் சாறு முழுவதும் ஆறும்வரை காத்திராமல் இளஞ்சூட்டிலேயே ஈஸ்ட்டைச் சேர்த்ததால், சூட்டைத் தாங்கிய செல்களே தொடர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பொருத்தமான விளக்கம்; மரபணு ஆய்வுகளும் அது வளர்ப்பு ஈஸ்ட்டுகளில் தனித்த ஒரு கிளை என்று காட்டியுள்ளன. பீர் ஆக்கி முடிந்ததும் துளையிட்ட மரக்கட்டையையோ மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த வளையத்தையோ அடிமண்டியில் தோய்த்து உத்தரத்தில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். அடுத்த முறை அதைச் சாற்றில் போட்டாலே போதும். ஒரு வீட்டில் ஈஸ்ட் கெட்டுவிட்டால், இங்கே உறைமோர் வாங்கப் போவதைப் போல, பாத்திரத்தோடு பக்கத்துப் பண்ணைக்குப் போவார்கள்.